ஸ்டாக் லேனிலிருந்து ஓல்ட் வார்டன் வரை

லண்டன் பாதாள ரயிலின் நார்தர்ன் தடத்தில், எட்ஜ்வேருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இருக்கிறது பர்ன்ட் ஓக். அங்கே இறங்கி மேற்கே நடப்பவர் கண்ணில் படுவதெல்லாம் சாதாரணப் புறநகர்தான். ஒரே சாயலில் கட்டிய இரட்டை வீடுகள், அளவாக வெட்டிய வேலிச் செடிகள், மூலைக்கு மூலை பேருந்து நிறுத்தங்கள். ஆனால் தெருப் பலகைகள் வேறு கதை பேசுகின்றன. ஒரு தெருவுக்கு டி ஹாவிலண்ட் சாலை என்று பெயர். இன்னொன்று மாலிசன் வே, 1930-களின் புகழ்பெற்ற விமானி ஜிம் மாலிசனின் பெயர் தாங்கியது. பக்கத்திலேயே ஸ்டாக் லேன். 1925 பிப்ரவரி 22 அன்று இந்த வீடுகளின் இடத்தில் புல்வெளி இருந்தது. அந்தப் புல்லிலிருந்து எழும்பிய இரண்டு இருக்கை விமானம் ஒன்று, சாதாரண மனிதர்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் விதத்தையே மாற்றியது.

அதன் பெயர் மாத். அதன் வழிவந்த டைகர் மாத், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் அதன் நேசநாடுகளுக்கும் பல்லாயிரம் விமானிகளைப் பயிற்றுவித்தது. இந்த வளர்ச்சி நடந்த இடங்கள் எல்லாம் ஒரே திசையில், ஒன்றுக்கு வடக்கே ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஸ்டாக் லேனில் தொடங்கி, லண்டன் கோல்னி, ஹாட்ஃபீல்டு வழியாக பெட்ஃபோர்டுஷயரின் ஓல்ட் வார்டன் வரை நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். மாத் விமானத்துக்கு அது அரை மணி நேரத் தூரம். நின்று நின்று பார்த்துச் செல்லும் பயணிக்கு இரண்டு நாள் தேவைப்படும்.

கதை பணமுடையில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், ஹெண்டனில் இருந்த ஏர்கோ நிறுவனத்துக்காக விமானங்களை வடிவமைத்தார். போர் முடிந்ததும் ராணுவ ஆர்டர்கள் நின்றன. ஏர்கோ கைமாறியது. 1920-ல் டி ஹாவிலண்ட் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்த நிறுவனம் தொடங்கி, ஸ்டாக் லேன் திடலை வாடகைக்குப் பிடித்தார். மறு ஆண்டே நிலத்தின் சொந்தக்காரர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது காலி செய்யுங்கள் என்றார்கள். விலை 20,000 பவுண்டு. அந்த நேரத்தில், தனக்கென ஒரு விமானம் கட்டித் தரச் சொல்லி வந்த ஆலன் பட்லர் என்ற இளைஞர், நிறுவனத்திலேயே பணம் போட்டார். திடல் தப்பியது. பட்லர் பின்னாளில் நிறுவனத்தின் தலைவரானார்.

1923-ல் அதே திடலில் விமானப்படையின் ரிசர்வ் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவனம் தொடங்கியது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இது அடித்தளம். கட்டுகிறவர்களும் கற்றுக்கொடுக்கிறவர்களும் ஒரே புல்தரையில் இருந்தார்கள்.

அன்றைய பயிற்சி விமானம் அவ்ரோ 504. 1917-ல் காஸ்போர்ட் என்ற ஊரில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி, விமானப் பயிற்சியை இந்த விமானத்தை வைத்தே திருத்தி அமைத்திருந்தார். பயிற்றுநர், மாணவர் இருவருக்கும் தனித்தனி முழுக் கட்டுப்பாடுகள் வேண்டும். பறக்கும்போதே இருவரும் குழாய் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லிப் பயமுறுத்தாமல், அவற்றுக்குள் மாணவரைக் கொண்டுபோய், மீளும் வழியைக் காட்ட வேண்டும். முறை சிறந்ததுதான். ஆனால் அவ்ரோ 504 போர்க்கால ராணுவ விமானம். அதை வாங்கிப் பராமரிக்க ஒரு டாக்டராலோ, வியாபாரியாலோ, ஊர்ச் சங்கத்தாலோ முடியாது.

அரசும் பத்திரிகைகளும் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தன. 1923-ல் கென்ட் கடற்கரை ஓரமாக லிம்ப்னியில் இலகு விமானப் போட்டி நடந்தது. மோட்டார் சைக்கிளில் வைக்கும் எஞ்சினோடு பறக்க வேண்டும் என்ற அளவுக்குச் சிக்கனம். டி ஹாவிலண்டும் ஹம்மிங் பேர்டு என்ற ஒற்றை இருக்கை விமானத்தை அனுப்பினார். 750 சி.சி. டக்ளஸ் எஞ்சின். அதை விமானி ஆலன் கோபம் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்றார். திரும்பும் வழியில் எதிர்க்காற்றில் சிக்கியபோது, கீழே போன சரக்கு ரயில் ஒன்று அவரை முந்திவிட்டதாம். மறு ஆண்டு லிம்ப்னிப் போட்டி இரண்டு இருக்கை விமானங்களுக்கு மாறியது. ஆனாலும் எஞ்சின் 1,100 சி.சி.க்கு மேல் போகக் கூடாது என்றது விதி. டி ஹாவிலண்ட் அதற்கு விமானம் கட்ட மறுத்துவிட்டார். இரண்டு பேரையும் சுமந்து, கற்பவரின் தவறுகளையும் தாங்கிக்கொள்ள அந்தச் சக்தி போதாது என்பது அவர் கணிப்பு. அவர் சொன்னது சரி.

அவரே கட்டிய மற்றொரு விமானம், டிஹெச்.51, எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பெரியது, வசதியானது, ஆனால் விலை அதிகம். மூன்றே மூன்றுதான் கட்டப்பட்டன. ஒருபக்கம் பலவீனம், மறுபக்கம் விலை. இரண்டுக்கும் நடுவில் பொருந்தும் எஞ்சின்தான் சந்தையில் இல்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் எஞ்சின் வடிவமைப்பாளர் ஃபிராங்க் ஹால்ஃபோர்டு. போரில் மிஞ்சிய ரெனோ எஞ்சின்களும் பாகங்களும் ஏர்க்ராஃப்ட் டிஸ்போசல் கம்பெனியின் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. அவற்றை அடிப்படையாக வைத்து அவர் ஏற்கெனவே 120 குதிரைசக்தி கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தார். வி வடிவில் ஒரு வரிசைக்கு நான்கு சிலிண்டர். டி ஹாவிலண்டின் யோசனை, அதில் ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்பது. ஹால்ஃபோர்டு புதிய கிராங்க் கேஸ் ஒன்றைச் செய்து, நான்கு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தினார். சிர்ரஸ் எஞ்சின் பிறந்தது. 60 குதிரைசக்தி. உதிரி பாகங்கள் மலிவு, பழுது பார்ப்பதும் எளிது.

அந்த எஞ்சினைச் சுற்றித்தான் மாத் விமானம் வடிவெடுத்தது. ஸ்புரூஸ் மரச் சட்டம், அதன்மேல் பிளைவுட், இறக்கைகளுக்கு டோப் பூசிய துணி. முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். இறக்கைகளைப் பின்புறமாக மடக்கி உடலோடு ஒட்டி வைக்கலாம். கார் கொட்டகையிலோ வைக்கோல் கொட்டகையிலோ நிறுத்தலாம். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். சிறுவயதிலிருந்தே பூச்சிகளைச் சேகரித்து ரசித்தவர் டி ஹாவிலண்ட். இறக்கை மடக்கும் இந்த விமானத்துக்கு அந்துப்பூச்சியின் பெயர் வைத்ததில் வியப்பில்லை. முதல் பறத்தலை அவரே செய்தார். அதே ஆண்டு மே 29 அன்று கோபம் அதே முதல் விமானத்தில் லண்டன் குரோய்டனிலிருந்து ஜூரிச் போய், அன்று மாலையே திரும்பி வந்தார். சரக்கு ரயிலுக்குத் தோற்ற காலம் முடிந்துவிட்டது.

பிரிட்டனின் சிவில் விமானத்துறை இயக்குநர் சர் செஃப்டன் பிராங்கர் இந்த விமானத்தை உடனே பிடித்துக்கொண்டார். ஊருக்கு ஊர் பறத்தல் சங்கம் வேண்டும், அரசு மானியம் தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1925 கோடையில் லங்காஷயர், லண்டன், நியூகாசில், மிட்லண்ட், யார்க்‌ஷயர் என்று ஐந்து சங்கங்கள் மானியத்தோடு தொடங்கின. லண்டன் சங்கத்துக்கு இடம் ஸ்டாக் லேன்தான். தொழிற்சாலைக் கதவைத் திறந்தால் எதிரே புதிய மாணவர்கள் தட்டுத் தடுமாறி இறங்குவது தெரியும். ஒரு விமானத்தை உருவாக்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைக்காது.

அந்தச் சங்கத்தில்தான் ஹல் நகரத்து மீன் வணிகரின் மகளான ஆமி ஜான்சன் பறக்கக் கற்றார். கற்றதோடு நில்லாமல் கொட்டகையில் எண்ணெய்க் கையோடு நின்று, விமானப் பழுது பார்க்கும் உரிமமும் பெற்றார். 1930 மே 5-ல் குரோய்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, மே 24-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர். வழியில் ஜான்சியில் அணிவகுப்புத் திடலில் இறங்கி இறக்கையை உடைத்துக்கொண்டார். ரங்கூனுக்கு அருகே இன்செயினில் கால்பந்துத் திடலில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்தார். இரண்டு இடத்திலும் உள்ளூர்க் கைகளே அதைச் சரிசெய்தன. மரமும் துணியும் கொண்ட விமானத்தின் பெரும்பலம் அது. தச்சனும் தையல்காரரும் உள்ள எந்த ஊரும் அதற்குப் பணிமனை. ஜேசன் என்று அவர் பெயரிட்ட அந்த விமானத்தை இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இந்தப் பயணத்தை அங்கிருந்து தொடங்குவதும் நல்லதே.

ஆமி ஓட்டியது ஜிப்சி மாத். ரெனோ பாகங்களின் கையிருப்பு தீரத் தீர, நிறுவனம் ஹால்ஃபோர்டைக் கொண்டே சொந்தமாக ஜிப்சி என்ற எஞ்சினைச் செய்தது. சுமார் 100 குதிரைசக்தி. 1928 முதல் அதைப் பொருத்திய மாத்துகள் உலகமெங்கும் போயின. இந்தியாவுக்கும் வந்தன. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்காக, 1930-ல் மன்மோகன் சிங், ஆஸ்பி இன்ஜினியர், ஜே.ஆர்.டி. டாடா மூவரும் போட்டியிட்டார்கள். மூவருக்கும் ஜிப்சி மாத்தான் வாகனம். எகிப்தின் அபூகிர் விமானத் தளத்தில் எதிரெதிர்த் திசையில் வந்த டாடாவும் ஆஸ்பியும் சந்தித்தார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்த ஆஸ்பிக்கு டாடா தன்னுடையதைக் கொடுத்தார். வென்றவர் பதினேழு வயது ஆஸ்பி. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியானார். 1932 அக்டோபர் 15 அன்று டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, மூடிய அறை கொண்ட பஸ் மாத் விமானத்தில்தான்.

சங்கங்களுக்கு மாத் போதுமானதாக இருந்தது. விமானப்படைக்குப் போதவில்லை. சங்க மாணவர் சாதாரண உடையில் ஏறுவார். படை மாணவரும் பயிற்றுநரும் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும், ஆபத்தில் குதிக்கவும் வேண்டும். மாத்தில் முன் இருக்கை, மேல் இறக்கைக்கு நேர் கீழே, அதைத் தாங்கும் கம்பங்களுக்கு நடுவில் இருக்கிறது. பாராசூட்டோடு ஒருவர் அந்தக் கூண்டிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. உயிர் போகும் நொடியில் அது முடியாத காரியம். அந்த முன் இருக்கைதான் பயிற்றுநரின் இடம்.

ஸ்டாக் லேன் கொட்டகையில் நடந்த வேலையை ஒவ்வொரு படியாகப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். முதலில் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். முன் இருக்கைக்கு மேலே வானம் திறந்தது. ஆனால் இறக்கை முன்னால் போனால் தூக்குவிசையும் முன்னால் போகும், விமானம் சமநிலை இழக்கும். ஆகவே இறக்கை நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். நுனிகள் பின்னால் போனதும், வால் தாழ்ந்து தரையில் நிற்கும்போது கீழ் இறக்கையின் நுனி புல்லை உரசும் அளவுக்கு இறங்கியது. ஆகவே கீழ் இறக்கையை மேல்நோக்கிக் கூடுதலாக வளைத்தார்கள். ஒரு மாற்றம் இன்னொன்றைக் கேட்டது. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் உயிரோடு வெளியே வருவதற்காகச் செய்தது. டைகர் மாத்தைத் தூரத்திலேயே அடையாளம் காட்டும் அந்தச் சாய்ந்த இறக்கையின் காரணம் இதுதான்.

எஞ்சினும் தலைகீழானது. ஜிப்சி III-ல் சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கின. அதனால் மூக்கின் மேற்பகுதி தாழ்ந்தது, முன்னால் இருப்பது நன்றாகத் தெரிந்தது. இருக்கைகளின் இருபுறமும் மடங்கித் திறக்கும் கதவுகள் வந்தன. உடல் பிளைவுட்டிலிருந்து எஃகுக் குழாய்ச் சட்டத்துக்கு மாறியது. 1931 அக்டோபர் 26 அன்று சோதனை விமானி ஹியூபர்ட் பிராடு இதை முதலில் பறக்கவிட்டார். விமானப்படை 35 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1932-லேயே ஹெண்டன் விமானக் காட்சியில் ஐந்து டைகர் மாத்துகள் தலைகீழாக அணிவகுத்துப் பறந்தன.

அதற்குள் ஸ்டாக் லேனைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. நிலத்தின் மதிப்பு ஏறியது. நிறுவனம் திடலை விற்று, 1934-க்குள் வடக்கே ஹாட்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தது. கிங்ஸ் கிராஸிலிருந்து ஹாட்ஃபீல்டுக்கு ரயில் இருக்கிறது. இங்கும் இன்று விமானத் தளம் இல்லை. 1990-களில் அது மூடப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதியில் ஹெர்ட்ஃபோர்டுஷயர் பல்கலைக்கழகத்தின் டி ஹாவிலண்ட் வளாகம் எழுந்திருக்கிறது. 1930-களின் வெண்ணிறக் கட்டடங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. சாலையோரம் காமெட் ஹோட்டல், நிறுவனத்தின் பந்தய விமானத்தின் பெயரோடு நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குச் சிலையும் உண்டு.

ஹாட்ஃபீல்டில் உருவான டைகர் மாத் II-தான் உலகம் அறிந்தது. 130 குதிரைசக்தி ஜிப்சி மேஜர் எஞ்சின். பின் இருக்கைக்கு மேல் இழுத்து மூடும் துணிக் கூரை. அதை மூடிவிட்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க மாணவரைப் பழக்குவார்கள். வெற்று எடை சுமார் 500 கிலோ. அதிகபட்ச வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர்.

ஹாட்ஃபீல்டுக்குத் தெற்கே சில மைல்களில், லண்டன் கோல்னிக்கு அருகே அகழி சூழ்ந்த பழைய மாளிகை சாலிஸ்பரி ஹால். அதன் பக்கத்து நிலத்தில் டி ஹாவிலண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரும்பாலோர் இங்கே வருவது மாஸ்கிட்டோ போர்விமானத்தின் முதல் மாதிரியைப் பார்க்க. மரத்தால் ஆன அந்தப் போர்விமானத்தின் தச்சு அறிவு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர், அதே கூரையின் கீழ் உள்ள சிறிய விமானங்களையும் நின்று பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று குவீன் பீ. 1935-ல் வந்த இது, டைகர் மாத்தின் இறக்கையும் மர உடலும் கொண்ட விமானம். விமானி இல்லாமல் ரேடியோவால் இயங்கியது, பீரங்கி வீரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்காக. 400-க்கும் மேல் கட்டினார்கள். கற்றுக்கொடுப்பதற்காகவே பிறந்த வடிவம், ஆள் இல்லாதபோதும் அதே வேலையைத்தான் செய்தது.

பயணத்தின் சிகரம் ஓல்ட் வார்டன். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் பிகிள்ஸ்வேடு வந்து, அங்கிருந்து வயல்களுக்கு நடுவே சில மைல் போக வேண்டும். ஷட்டில்வொர்த் சேகரிப்பு என்ற இந்தப் புல்தரைத் தளத்தில் விமானங்கள் காட்சிக்கு மட்டும் நிற்பதில்லை, பறக்கவும் செய்கின்றன. இதை நிறுவிய குடும்பத்தின் இளைஞர் ரிச்சர்டு ஷட்டில்வொர்த் 1932-ல் வாங்கிய மாத் விமானம் இன்னும் இதே தளத்தில் இருக்கிறது. அவர் 1940-ல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். சேகரிப்பை அவருடைய தாயார் அறக்கட்டளையாக்கிக் காத்தார்.

இங்கே கொட்டகைக்குக் கொட்டகை நடந்தால் முழு வரலாறும் வரிசையாக வருகிறது. முதல் உலகப் போரின் பயிற்சி விமானமான அவ்ரோ 504. மூன்றே கட்டப்பட்ட டிஹெச்.51-ல் மிஞ்சிய ஒன்று. மிஸ் கென்யா என்ற பெயர் கொண்ட அது, கென்யாவில் நெடுங்காலம் இருந்து 1965-ல் திரும்பியது. அதன் எஞ்சினின் எட்டு சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு மாத்தின் நான்கு சிலிண்டர்களைப் பார்த்தால், ஹால்ஃபோர்டு செய்த வேலை ஒரே பார்வையில் விளங்குகிறது. 504-க்கு அடுத்து விமானப்படை எடுத்துக்கொண்ட அவ்ரோ டியூட்டர், உலகில் பறக்கும் நிலையில் உள்ள ஒன்றே ஒன்று, இங்கேதான் இருக்கிறது. டைகர் மாத்தும் உண்டு.

காற்று அமைதியான மாலையில் மாத்தை வெளியே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். சுயமாகக் கிளம்பும் மோட்டார் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுகிறார். சுவிட்ச் நிலையை அவரும் விமானியும் சத்தமாகச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகே கடைசிச் சுழற்று. டைகர் மாத்துக்கு பிரேக் இல்லை. வால் முனையில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை. புல்லில்தான் அதற்கு நிம்மதி. மாணவர் பின் இருக்கையில் அமர்கிறார், பயிற்றுநர் முன்னால். முன் இருக்கை எடையின் மையத்துக்கு அருகே இருப்பதால், பயிற்றுநர் ஏறாத நாளிலும் சமநிலை மாறாது. முதன்முதலாகத் தனியே பறக்கும் மாணவருக்கு விமானம் பழகியபடியே இருக்க வேண்டும் அல்லவா?

டைகர் மாத்தைப் பறக்க வைப்பது எளிது, நன்றாகப் பறக்க வைப்பதுதான் கடினம் என்று அதை ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். திருப்பத்தில் சுக்கானைச் சரியாகச் சேர்க்காவிட்டால் விமானம் பக்கவாட்டில் சறுக்கும், முகத்தில் காற்று ஒருபக்கமாக அறையும். கொல்லாது, ஆனால் மன்னித்து மறைக்கவும் செய்யாது. பயிற்றுநர் சொல்வதற்கு முன்பே மாணவருக்குத் தன் பிழை தெரிந்துவிடும். பயிற்சி விமானத்தின் உச்சகுணம் இதுதான், இதை டைகர் மாத் அளவுக்குப் பெற்றவை வெகு சில.

போர் வந்தபோது இந்த விமானம் தயாராக இருந்தது. ஹாட்ஃபீல்டு மாஸ்கிட்டோவுக்கு மாறியதும், ஆக்ஸ்ஃபோர்டு அருகே கவ்லியில் மாரிஸ் கார் தொழிற்சாலை டைகர் மாத்துகளைக் கட்டியது. ஆஸ்திரேலியா ஆயிரத்துக்கும் மேல் கட்டியது. கனடா, பனிக்காலத்துக்காக மூடிய இருக்கையும் பிரேக்கும் சேர்த்து 1,500-க்கும் மேல் கட்டியது. மொத்தம் 8,000-க்கும் அதிகம். இந்திய விமானப்படையின் விமானிகளும் இதில் பழகினார்கள். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட் வடிவமைத்து 1951-ல் பறக்கவிட்ட ஹெச்.டி.-2, டைகர் மாத்தின் இடத்தை நிரப்பவே வந்தது. 2012-ல் இந்திய விமானப்படை தன் பழைய டைகர் மாத் ஒன்றைப் புதுப்பித்து மீண்டும் பறக்கவிட்டது.

அருங்காட்சியகங்களில் கூட்டம் போர்விமானங்களைச் சுற்றியே நிற்கிறது. அது நியாயம் இல்லை. அந்தப் போர்விமானங்களை ஓட்டியவர்களில் மிகப் பலர் முதலில் தனியாக எழும்பியது டைகர் மாத்தில்தான். லண்டன் செல்லும் தமிழ் வாசகர்கள் ஒரு நாளை ஓல்ட் வார்டனுக்கு ஒதுக்க வேண்டும். பறக்கும் காட்சிகள் கோடை மாதங்களில் நடக்கின்றன. தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போகவும். காற்று பலமாக இருந்தால் பழைய விமானங்களை வெளியே எடுக்க மாட்டார்கள் என்பதால், கையில் இன்னொரு நாளும் இருப்பது நல்லது.